மொத நாள் ராத்திரி பரோட்டா, மறுநாள் காலைல 21 கிலோமீட்டர்: தப்பு எங்க?

வடசேரி ஓட்டம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க. ஊரு நாகர்கோவில், வயசு 38, நாள் முழுக்க உக்காந்தே பாக்குற வேலை. சுகர் பார்டர்ல நிக்குதுன்னு டாக்டர் பயமுறுத்தினதுல ஆரம்பிச்ச ஓட்டம், ரெண்டு வருஷம் ஆச்சு. காலைல அஞ்சு மணிக்கு புத்தேரி குளத்தங்கரை பக்கம் ஓடுவேன், நாய் துரத்தினா கொஞ்சம் வேகமா ஓடுவேன். பத்து கிலோமீட்டர் போட்டி மூணு முடிச்சாச்சு, கடைசியா ஓடினது 58 நிமிஷம். சரி அடுத்தது ஹாஃப் மாரத்தான்னு போன மாசம் வெளியூர்ல ஒண்ணுக்கு பேரு குடுத்தேன்.

ட்ரெயின்ல எமில் ஜாட்டோபெக் வாழ்க்கை வரலாறு படிச்சுட்டே போனேன். செக்கோஸ்லோவாகியாக்காரர், பாட்டா செருப்பு ஃபேக்டரில வேல பாத்த பையன் (நாம ஸ்கூலுக்கு போட்டுட்டுப் போன அதே பாட்டாதான்), மாட்டேன் மாட்டேன்னு சொன்னவர ஃபேக்டரிக்காரங்க புடிச்சு ஒரு ரேஸ்ல ஓட விட்டதுல ஆரம்பிச்சு 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூணுலயும் தங்கம். அதுல மாரத்தான் அவரு வாழ்க்கைலயே அன்னைக்குத்தான் மொத தடவ ஓடுறாரு. இத படிச்சுட்டு எவனாவது சும்மா இருப்பானா, ஸ்டேஷன்ல எறங்கும்போதே எனக்கு கால் தரைல படல.

நம்பர் அட்டை வாங்கி ரூம்ல பைய வெச்சுட்டு சாப்பிடப் போகும்போது மணி பத்தே முக்கால். மத்த கடையெல்லாம் அடச்சாச்சு, ஒரு பரோட்டா கடைல மட்டும் கல்லுல சத்தம் கேக்குது. ரெண்டு போதும்னுதான் சொன்னேன், அஞ்சுல போய் நின்னுச்சு. சால்னா ரெண்டு தடவ, கூட வந்தவன் ஆர்டர் பண்ண சிக்கன்ல பாதி.

மறுநாள் அஞ்சரைக்கு ஸ்டார்ட். மொத அஞ்சு கிலோமீட்டர் 26 நிமிஷத்துல போயிட்டேன், வாட்ச்ச பாத்து எனக்கே பெருமை. பதினாலாவது கிலோமீட்டர்ல வயிறு ஈரத்துணிய பிழியற மாதிரி பிழிஞ்சுது. டாய்லெட் முன்னாடி ஏழு பேரு நிக்காங்க, எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம ரோட்ட பாத்துட்டு நிக்காங்க. அதுக்கப்புறம் நடையும் ஓட்டமுமா போய்ச் சேந்தேன். பதினெட்டுல ஒரு சின்னப் பையன் ஆரஞ்சு மிட்டாய நீட்டி "வாங்க தாத்தா, கொஞ்சந்தான் இருக்கு"ன்னான். 38 வயசு தாத்தா. 2 மணி 48 நிமிஷம். மெடல ஆணில மாட்டியிருக்கேன், அது என்னையவே பாக்குற மாதிரி இருக்கு.

வீட்டம்மா சொல்றா, "புக்க படிச்சுட்டு ஓடினா இப்படித்தான், வயித்தால போனத எவன் புக்குல எழுதுவான்"னு. ரெண்டு மாசத்துல அடுத்த ரேஸ் இருக்கு, அதுவும் வெளியூர்தான், அங்கயும் ஹோட்டல் சாப்பாடுதான் கதி. தப்பு பரோட்டாவுலயா, வேகத்துலயா, இல்ல புக்குலயா? மொத நாள் வெளிய என்ன சாப்பிடுவீங்க? படிக்கிறத நிறுத்தணுமா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

கட்டஞ்சாயா, மார்த்தாண்டம்

அண்ணே, பரோட்டாவ மட்டும் குத்தம் சொல்லாதீரும், அது பாவம். கணக்கு போட்டுப் பாரும். 58 நிமிஷத்துல பத்து ஓடினா கிலோமீட்டருக்கு அஞ்சே முக்கா நிமிஷத்துக்கு மேல. நீரு மொத அஞ்ச ஓடினது கிலோமீட்டருக்கு அஞ்சேகால் கூட இல்ல. பத்துக்கு ஓடுன வேகத்த விட ஸ்பீடா போயி இருபத்தொண்ணு ஓடலாம்னு நெனச்சா எந்த வயறுதான் தாங்கும்? எனக்க கணக்குல உமக்கு ஆறு நிமிஷத்துக்கு மேலதான் ஆரம்பிச்சிருக்கணும், அப்படி போயிருந்தா ரெண்டே கால் மணி நேரத்துக்குள்ள சிரிச்சிட்டே முடிச்சிருப்பீரு.

புக்கு விஷயம் சொல்லுகேன் கேட்டுக்கிடும், எனக்கும் அந்த ஆளு கதை தெரியும். அந்த ஹெல்சிங்கி மாரத்தான்ல ஜிம் பீட்டர்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரன், அப்ப மாரத்தான்ல அவன அடிக்க ஆளில்ல, அவன் ஆரம்பத்துலயே பயங்கர வேகமா இழுத்துட்டுப் போனான். ஜாட்டோபெக் பைய பின்னால போயி ஒட்டிக்கிட்டு, இந்த வேகம் சரியாத்தான் இருக்கான்னு அவன்கிட்டயே கேட்டாரு. அவன் வீம்புக்கு, ரொம்ப ஸ்லோன்னு சொன்னான். கடைசில என்னாச்சு? பீட்டர்ஸ் முப்பது கிலோமீட்டர் தாண்டி கால் புடிச்சு ரோட்டுல ஒதுங்கிட்டான், நம்ம ஆளு 2 மணி 23 நிமிஷத்துல உள்ள வந்தாரு. அண்ணே, நீரு ஜாட்டோபெக்க படிச்சிட்டு பீட்டர்ஸ் மாதிரி ஓடியிருக்கீரு.

பின்ன, பரோட்டாவும் யோக்கியம் ஒண்ணும் இல்ல. மைதா மாவுச்சத்துதான், அதுல தப்பில்ல, அது தசைலயும் ஈரல்லயும் போயி சேந்து மறுநாளு ஓட்டத்துக்கு ஆகும். ஆனா அந்த எண்ணெயும் சால்னாவும் வயத்த விட்டு எறங்க நேரம் பிடிக்கும். பதினொரு மணிக்கு தின்னுட்டு நாலு மணிக்கு எந்திச்சா அது அங்கனயே உக்காந்திருக்கும். எனக்கு இதுக்கு ஒரு பாடம் உண்டு. ஒருக்க ரேஸுக்கு மொத நாளு சொந்தக்காரங்க வீட்டுல மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன்கறியும், வேண்டாம்னு சொல்ல வாய் வரல, நாலு அகப்பை. மறுநாளு மூணாவது கிலோமீட்டர்லயே ரப்பர் தோட்டத்துக்குள்ள ஓடினேன். அது டிராக்ல இல்ல.

இப்ப ராத்திரி ஏழு ஏழரைக்குள்ள நாலு இட்லி, இல்லன்னா எண்ணெய் விடாத தோசை, சட்னி கொஞ்சம், சாம்பார் பேருக்கு. காலைல எந்திச்ச ஒடனே ரெண்டு மட்டி வாழப்பழமும் ஒரு கட்டஞ்சாயாவும், பால் விடாத டீ. மட்டி நம்ம ஊருல பச்சப்பிள்ளைக்கு ஊட்டுகது, ஓட்டக்காரன் வயத்துக்கும் அதுதான் சரி. 2023ல அதுக்கு புவிசார் குறியீடு கூட கிட்டியாச்சு. வெளியூருக்குப் போனா பையில ஒரு சீப்பு எடுத்துட்டுப் போவேன், அங்க கிட்டுற பழத்த நம்ப முடியாது.

குளச்சல் டீச்சர்

வேகம்னு அவங்க சொன்னது சரிதான், ஆனா வயிறு ஏன் பதினாலுல புடிக்குதுன்னு தெரிஞ்சா அடுத்த தடவ பயம் இருக்காது. ஓடும்போது ரத்தம் எல்லாம் காலுக்கும் தோலுக்கும் போகும், வயித்துக்கு போறது கொறஞ்சிடும். உள்ள சாப்பாடு பாதி அரைஞ்சு கெடந்தா அது அப்படியே நின்னு புரட்டும். வேகமா ஓட ஓட இது கூடும். அதனால பரோட்டா, வேகம் ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கு, சண்ட போட வேண்டாம்.

தண்ணி விஷயத்த யாரும் சொல்லல. நம்ம கடக்கரைல வேர்வை காயவே காயாது, சட்டைல ஒட்டிக்கிட்டு கெடக்கும், உடம்பு சூடு எறங்காது. அதுக்காக வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளினா ரத்தத்துல உப்பு கொறஞ்சு அது வேற தொல்ல. நான் உப்பும் சீனியும் போட்ட போஞ்சி ஒரு சின்ன பாட்டில்ல எடுத்துட்டுப் போவேன். மத்த மாவட்டத்துக்காரங்களுக்கு, போஞ்சின்னா எலுமிச்சம்பழ ஜூஸ்.

நான் ஓட ஆரம்பிச்ச மொத வருஷம் வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல பின்னாலயே வருவாங்க, நாய்க்கு பாதி, ஊர் வாய்க்கு பாதி. இப்ப வர்றதில்ல, தூங்குறாங்க, நல்லதுதான்.

புக்க நிறுத்தாதீங்க. நான் முழுசா நம்புற கதை பி.டி. உஷாவோடது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், 55.42 செகண்ட், நூத்துல ஒரு செகண்டுல வெண்கலம் போச்சு. எல்லாரும் அந்த நூத்துல ஒண்ணத்தான் பேசுவாங்க. ஆனா அவங்களே பின்னால சொன்னது, அங்க ஒலிம்பிக் கிராமத்துல நமக்கு ஏத்த சாப்பாடு கெடைக்கல, அரிசிக் கஞ்சியும் கடுமாங்கா ஊறுகாயும்தான் கதி, கடைசி 35 மீட்டர்ல தெம்பு நிக்கலைன்னு. கஞ்சியும் கடுமாங்காவும்! நம்ம வீட்டுல காய்ச்சல்காரனுக்கு குடுக்கறது. அத படிச்ச அன்னைக்கு எனக்கு தொண்டைல எறங்கல. உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, வயித்தப் பத்தி சொன்ன ஓட்டக்காரங்களும் இருக்காங்க.

தேரூர் வாசகன்

தம்பி, நான் ஓடறவன் இல்ல, முட்டி விடாது. ரிட்டயர்டு ஆசாமி, காலைல நடப்பேன், மத்தியானம் வாழ்க்கை வரலாறு படிப்பேன், நாப்பது வருஷமா அதுதான் பைத்தியம். அதனால மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன்.

எழுதறவன் ஏழை வீட்டுல பொறந்தான், கஷ்டப்பட்டான், ஜெயிச்சான்னு மூணே தாவுல போறான்னா அந்தப் புக்க மூடி வச்சிருங்க. படிக்கும்போது ரத்தம் கொதிக்கும், மறுநாள் உங்களுக்கு ஆனது ஆகும். எங்க சாப்பிட்டான், எவ்வளவு காசு குடுத்தான், எத்தன மைல் நடந்தான்னு எழுதறான் பாருங்க, அவன நம்பலாம்.

காந்திய எடுத்துக்கோங்க. கன்னியாகுமரி காந்தி மண்டபத்துக்கு நூறு தடவ போயிருப்பீங்க, சத்திய சோதனைய முழுசா படிச்சவன் நம்மள்ல எத்தன பேரு? 1888ல லண்டன் போறாரு, 18 வயசுப் பையன், மாமிசம் தொட மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம். தங்கின வீட்டுல உப்பு காரம் இல்லாத காய், ரெண்டு மூணு துண்டு ரொட்டி, இன்னும் வேணும்னு கேக்க வெக்கம். பசி. சைவ ஹோட்டல் தேடி தெனமும் பத்து பன்னெண்டு மைல் அலையறாரு, சின்னக் கடைல புகுந்து வயிறு முட்ட ரொட்டி தின்னும் திருப்தி இல்ல. கடைசில ஃபேரிங்டன் தெருவுல ஒரு சைவ ஹோட்டல் கண்ணுல படுது, ஒரு பிள்ளைக்கு ஆசப்பட்ட சாமான் கெடச்ச மாதிரி சந்தோஷம்ங்கறாரு. உள்ள போறதுக்கு முன்னாடி வாசல் கண்ணாடிக்குள்ள விக்க வச்சிருந்த சைவ உணவு பத்தின புக்க ஒரு ஷில்லிங் குடுத்து வாங்கிட்டு நேரா சாப்பிடப் போறாரு. இங்கிலாந்துல கால் வச்சதுக்கப்புறம் மனசார சாப்பிட்ட மொத சாப்பாடு அது. ஓட்டல், புக்கு, நடை, மூணும் ஒரே பக்கத்துல இருக்கு பாத்தீங்களா.

பள்ளிக்கூடத்துல கசரத்து பிடிக்காத பையன் அவரு, திறந்த வெளில நடக்கறது நல்லதுன்னு புக்குல படிச்சுத்தான் நடக்க ஆரம்பிச்சேன்னு அவரே எழுதறாரு. ஆக புக்க படிச்சு கெட்டவன் நீங்க ஒருத்தர்தான் தம்பி, கோவிச்சுக்காதீங்க.

முப்பந்தல் காத்தாடி

பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. சனிக்கிழம மத்தியானமே போய்ச் சேர்ற ட்ரெயின புடிங்க, பாதி பிரச்சன அங்கயே தீந்துச்சு. பத்தே முக்காலுக்கு எந்த ஊர்லயும் பரோட்டா கடைதான் தெறந்திருக்கும். அப்புறம் ஆரல்வாய்மொழி பக்கம் வந்து கச்சான் காத்துக்கு எதிரா ஒரு நாள் ஓடிப் பாருங்க, ஜூன் ஜூலைல காத்தாடிய சுத்த வைக்கிற காத்து, வேகமா போகணும்னு நெனச்சாலும் விடாது. பைய ஓட அதவிட நல்ல வாத்தியார் கெடையாது.

வடசேரி ஓட்டம் (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. பீட்டர்ஸ் விஷயத்த மறுபடி எடுத்துப் பாத்தேன், என்கிட்ட இருக்க புக்குலயே இருக்கு, நாலு பக்கம். அன்னைக்கு ட்ரெயின்ல அத தாண்டி மைதானத்துக்குள்ள ஜாட்டோபெக் நுழையற எடத்துக்கு ஓடிப் போயிருக்கேன். படிக்கிறதுலயும் மொத அஞ்சு கிலோமீட்டர் வேகந்தான் போல.

நேத்து ஞாயித்துக்கிழம டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். சனிக்கிழம ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன ஹோட்டல்ல நாலு இட்லி, சப்ளையர் "அவ்வளவுதானா சார், ரசவடை சூடா இருக்கு"ன்னு மூணு தடவ கேட்டாரு, மூணு தடவயும் மனச கல்லாக்கிட்டு வேண்டாம்னேன். காலைல ரெண்டு மட்டிப்பழம், சுசீந்திரம் போயி தெப்பக்குளத்த ஒரு சுத்து சுத்திட்டு திரும்பினேன், மொத்தம் 16 கிலோமீட்டர். மொத அஞ்சு 32 நிமிஷம். ஒரு வயசான அம்மா பால் தூக்குவாளியோட என்ன தாண்டிப் போனாங்க, அது வேற கணக்கு. வயிறு கம்முனு இருந்துச்சு. கடைசி மூணு கிலோமீட்டர்தான் இருக்கறதுலயே வேகமா வந்தது, இது எனக்கு இதுவரை நடந்ததே இல்ல.

ஒரே தப்பு, மூணாவது மட்டிப்பழத்த ட்ராக் பேண்ட் பாக்கெட்ல வச்சிருந்தேன், பத்தாவது கிலோமீட்டர்ல எடுத்தா தோலு மட்டும் கைல வந்துச்சு, மிச்சம் வீட்டுச் சாவில. வீட்டம்மா அத மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, சத்திய சோதனைய மட்டும் எடுத்து தலைகாணி பக்கத்துல வச்சிருக்கா, எனக்கா அவளுக்கான்னு தெரியல.

டீச்சர், கடுமாங்கா கடைல வாங்குறதா, வீட்ல போடுறதா? ரேஸ் முடிஞ்ச அன்னைக்கு கஞ்சி குடிக்கலாம்னு ஒரு ஆசை.

கட்டஞ்சாயா, மார்த்தாண்டம்

சாவிய கழுவினீரா அண்ணே? எறும்பு வரும்.