புதுப்பிப்பு: மார்பு ஆபரேஷன்ல நரம்பையும் சேத்து தைச்சாங்க, 11 மாசம் ஆச்சு

போன வருஷம் இங்க கேட்டிருந்தேன்ல, கேன்சருக்காக இடது மார்ப எடுத்துட்டு வயித்துக் கொழுப்ப வச்சு புதுசா கட்டும்போது தொட்டா உணர்வு தெரியறதுக்கு நரம்பையும் இணைக்கச் சொல்லணுமா, வடிவம் மட்டும் வந்தா போதுமான்னு. இணைச்சுக்கிட்டேன்.

பண்ணது டீப் ஃபிளாப். அடிவயித்துத் தோலும் கொழுப்பும் மட்டும் எடுத்து, தசைய விட்டுட்டு, அதோட ரத்தக்குழாய நெஞ்செலும்பு ஓரமா ஓடுற குழாயோட மைக்ராஸ்கோப் வச்சு தைப்பாங்க. இது 1990கள்லேர்ந்தே இருக்கு, ஆனா நரம்ப எல்லா ஆஸ்பத்திரிலயும் சேக்குறதில்ல, நாமளா முன்னாடியே கேக்கணும். எனக்கு வயித்துத் தோலோட வந்த உணர்வு நரம்ப விலா எலும்புக்கு நடுவுல வர்ற நரம்போட கிளைல தைச்சாங்க.

நரம்பு ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்னு டாக்டர் சொன்னாங்க, அது புரிஞ்சும் முதல் ஆறு மாசம் தொட்டா மரக்கட்டை மாதிரி இருந்தப்ப ரொம்ப அழுதேன். ஏழாவது மாசம் திடீர்னு சுருக் சுருக்னு ஒரு குத்தல், ராத்திரில அதிகம், பயந்து போன் பண்ணா நரம்பு முளைக்குது நல்லதுதான்னாங்க. இப்ப ஓரத்துல தொட்டா தெரியுது, குளிக்கும்போது வெந்நீர் சூடு தெரியுது, பொண்ணு சாஞ்சா அந்த அழுத்தம் தெரியுது. நடுவுல இன்னும் மரத்துதான் இருக்கு, பழைய உணர்வும் இது இல்ல.

ஆபரேஷன் ஆனவங்க தயவுசெஞ்சு வெந்நீர் பேக் மட்டும் அங்க வைக்காதீங்க, மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. அடுத்த செக்கப் முடிஞ்சதும் வந்து எழுதுறேன்.