அக்குளில் நிணநீர் முதலில் சேரும் கணுவுக்கு ஒரு சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு வரும் பெண்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சென்டினல் நோட்’ என்ற இடத்தில் நிற்கிறேன். கட்டியிலிருந்து வடியும் நிணநீர் அக்குளில் முதலில் போய்ச் சேரும் கணு அது; சிலருக்கு இரண்டு மூன்றும் இருக்கலாம். மார்பகத்தில் நீலச் சாயத்தையோ டெக்னீசியம் கலந்த கதிரியக்க மருந்தையோ, இரண்டையுமோ செலுத்தி, நீலம் ஏறிய கணுவைக் கண்ணாலும் கதிர் உமிழும் கணுவைக் கருவியாலும் கண்டு, எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் புற்றணுக்கள் இல்லையென்றால் அக்குளின் மற்றக் கணுக்களை எடுப்பதில்லை. பிற்காலத்தில் கை வீங்கும் வாய்ப்பு அதனால் வெகுவாகக் குறைகிறது. சென்டினல் என்றால் காவலாள் என்பதால் ‘காவற்கணு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

* * *

புணர்ச்சி சரி, பொருள்தான் போதவில்லை. இந்தக் கணு எதையும் காப்பதாக நீங்களே சொல்லவில்லை. முன்னே நின்று முதலில் எதிர்கொள்கிறது, அவ்வளவே. படையின் முன்வரிசைக்கு நம்மிடம் ‘தார்’ உண்டு. 767ஆம் குறளில் ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என வருவது அப்பொருளில்தான். ‘தூசி’ என்பதும் அதுவே. எனவே தார்க்கணு என்பேன். பழம்பாட்டில் நிணம் என்பது கொழுப்பைக் குறிக்க, அதை நாம் ‘நிணநீர்’ ஆக்கிக்கொண்டது பற்றித் தனி மடல் எழுத வேண்டும்.

* * *

ஐயா, தார் என்றால் சாலையும் தூசி என்றால் தும்மலும்தான் எங்கள் வார்டில் இருப்பவர்களுக்கு நினைவுக்கு வரும். ஆனால் காவற்கணு கூடாது என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ‘காவலையே எடுத்துவிட்டால் நோய் உள்ளே பரவாதா சிஸ்டர்?’ என்ற கேள்விக்கு அறுவைக்கு முந்தைய இரவில் யார் விடை சொல்வது? அக்குளிலும் தொடை இடுக்கிலும் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்த நெறியை ஏன் ஒதுக்குகிறோம்? ‘முதல் நெறி’ போதாதா?

* * *

அம்மா சொல்லும் நெறி எனக்கும் பிடித்த சொல்தான். இருந்தாலும் நெறி கட்டுதல் என்றால் வீங்கித் தட்டுப்படுவது. இந்தக் கணுவோ வீங்காமலும், கைக்கு அகப்படாமலும், 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த புற்றணுத் திரளைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். ‘எனக்கு நெறி ஏதும் கட்டவில்லை, பிறகு எதற்குச் சோதனை’ என்று ஒருவர் கேட்டால் அதில் தவறில்லை. ‘முதற்கணு’ என்று சுருக்கினால் வேறு சிக்கல்: நோய் தோன்றிய இடத்தை முதன்மைக் கட்டி என்று எழுதுவதால், புற்று கணுவில்தான் தொடங்கியது என்று படித்துவிடுவார்கள். ‘வாயிற்கணு’ என்றும் ஒருவர் தனிமடலில் எழுதினார். வாயில் இருக்கும் கணு என்றே பொருள் கொள்ளப்படும். அறுவை மருத்துவனாக எனக்கு வேண்டியது ஒன்றே: வடிதல் என்ற செய்தி சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘முதல் வடிகணு’ எப்படி?

* * *

வடிவது நீர், கணு வடிவதில்லையே என்று ஒருவர் மறுக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? வினைத்தொகை நிலப்பெயரையும், அதாவது வினை நிகழும் இடத்தின் பெயரையும் கொள்ளும். பெயரெச்சம் கொள்ளும் ஆறனுள் நிலமும் ஒன்று என்பது நன்னூல். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் ‘முதல்’ என்றபின் மூன்று கணுக்கள் இருப்பதாகச் சொல்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

* * *

மூன்றும் ஒரே வரிசையில் முதல், ஐயா. பந்தியில் முதல் வரிசையில் பலர் அமர்வதில்லையா? வேறு மறுப்பு வராததால் முதல் வடிகணு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். மருத்துவர் வாயில் வரப்போவது சென்டினல் நோட்தான் என்பதால் அதையும் முதலில் வரும் இடத்தில் அருகிலேயே போடுகிறேன்.

* * *

போடுங்கள். நெறியைக் கைவிட எனக்கு இன்னும் மனமில்லை, அது இருக்கட்டும். நீலச் சாயம் செலுத்தினால் ஓரிரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், அது கெடுதலன்று என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். எங்களைக் கூப்பிட்டு அவர்கள் பயந்துபோய்க் கேட்பது அதைத்தான்.