அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு இ.சி.எச்.எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை செல்லுமா?

ஒரத்தநாடு மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1998இல் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மார்கழியில் தவறிவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை. அறுவடை முடிந்த வயலில் அரிதாள் குத்தி, குதிகாலில் புண் ஆறாமல் இருக்கிறது. அப்பா இருந்தவரை விடியற்காலை பஸ்ஸில் இரண்டு பேரும் தஞ்சாவூரில் இ.சி.எச்.எஸ் மருத்துவமனையான பாலிகிளினிக் போய் 30 நாள் மாத்திரை வாங்கி வருவார்கள். இப்போது போகவே மாட்டேன் என்கிறாள். "பட்டாளத்துல இருந்தது உங்கப்பா. அவரே போயிட்டாரு, எனக்கு எதுக்கு அந்தக் கார்டு?" நேற்று பார்க்கிறேன், மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறாள். எனக்கு மனசே ஆறவில்லை.

குடும்ப ஓய்வூதியம் மாசியிலிருந்து வருகிறது. ஆனால் அப்பாவின் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மா பெயரோடு 'அம்மாள்' சேர்ந்திருக்கிறது, ஆதாரில் இல்லை. கணினி மையத்தில் இதைச் சொல்லியே விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். தம்பிக்கு 24 வயது, வேலை தேடுகிறான். அவனுக்கும் உண்டா?

சுபேதார் (ஓய்வு), தஞ்சாவூர்:
மகளே, பாதி மாத்திரையை இன்றைக்கே நிறுத்தச் சொல். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கு இ.சி.எச்.எஸ் உண்டு. புதிதாகச் சந்தா எதுவும் கட்ட வேண்டாம். இதுவரை அப்பாவைச் சார்ந்தவர், இனி உங்கள் அம்மாதான் முதன்மை உறுப்பினர். அந்த மாற்றத்துக்குத்தான் புது அட்டை. யாரும் தரும் சலுகை இல்லை இது, அவருடைய உரிமை. அப்படியே அம்மாவிடம் சொல்.

அட்டை வரட்டும் என்று காத்திருக்காதே. பழைய அட்டை, இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ (ஓய்வூதிய ஆணை) நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியை நேரில் பார். அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து ஒப்புதல் கிடைத்ததும் தற்காலிகச் சீட்டு வரும், அதை வைத்தே வைத்தியம் பார்க்கலாம். பெயர் விஷயத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டு. அப்பாவின் சர்வீஸ் பதிவுகள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டுமா என்று அவர்களே சொல்வார்கள்.

சர்க்கரைக்காரர் கால் புண், அசட்டையாக விடாதே. காய்ச்சல் வந்தாலோ புண் கறுத்தாலோ பாலிகிளினிக்கின் ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) தேடி அலையாமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு. அது இ.சி.எச்.எஸ் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக் கட்டாயம் தகவல் சொல். பில், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தொலைக்காதே. தம்பிக்கு வேலையும் கல்யாணமும் ஆகாதவரை 25 வயது வரைக்கும் உண்டு.

மன்னார்குடி:
எங்கள் பெரியப்பா 1991இல் ஓய்வு பெற்று வந்தவர். சந்தா கட்டப் பணமில்லை என்று அட்டையே எடுக்காமல் இருந்தார். 1.1.1996க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் அட்டை எடுத்தார். ஓய்வூதியத்தோடு வந்த 1000 ரூபாய் மருத்துவப் படி நின்றது, ஆனால் கண் ஆபரேஷன் கைக்காசு இல்லாமல் முடிந்தது. ஊரில் யாராவது இப்படி இருந்தால் சொல்லுங்கள்.

ஒரத்தநாடு மகள்:
அய்யா, நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். 'உரிமை' என்ற இடத்தில் இன்னொரு தடவை படி என்றாள். நேற்று போய்வந்தோம். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள், சர்ஜனுக்கு ரெஃபரல் எழுதிக் கொடுத்தார்கள், ஒரு மாத மாத்திரையும் கிடைத்தது.

அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மூடியில் வெள்ளைப் பெயின்டில் சர்வீஸ் நம்பர் இன்னும் அழியவில்லை. அடியில் பாலித்தீன் கவரில் கல்யாணம் பதிவான பார்ட் டூ ஆர்டர் (ராணுவப் பதிவு ஆணை) நகல் இருந்தது. அதிலும் 'அம்மாள்'தான். பெயரோடு அதைச் சேர்த்துச் சொன்னது அப்பாவாம். புதன்கிழமை நோட்டரியிடம் போகிறோம்.