புதுப்பிப்பு: தாத்தாவின் ஆர்மோனியம் சரியாகிவிட்டது

கொழிஞ்சாம்பாறையில் மகளின் உயர்நிலைப் பள்ளி விழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ நாடகம். தாத்தா தன் பள்ளி நாளில் வாசித்த ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஒலிக்கவில்லை, என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி.

துருத்தியில் ஓட்டை இல்லை. அப்புறம், ஒருவர் சொன்னபடி பித்தளை ரீடின் (காற்றில் அதிர்ந்து ஸ்வரம் தரும் தகடு) நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதத்தை நுழைத்து மெதுவாக இழுத்தோம். தூசி வந்தது, ஸ்வரமும் வந்தது! நாக்கை மட்டும் வளைத்துவிடாதீர்கள், சுருதி மாறிவிடும். ரீடுக்கு எண்ணெய் போடும் யோசனையை விட்டுவிட்டோம். எண்ணெயில் தூசி இன்னும் ஒட்டும்.

எதிர்பாராதது, பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் பள்ளி நாடக நோட்டீஸ். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அதே ‘வள்ளி திருமணம்’, அப்பா நாரதர்! எங்களிடம் சொன்னதே இல்லை. நோட்டீஸைக் கையில் வாங்கிய அப்பா, நாரதரும் வள்ளியும் வாதாடும் தர்க்கப் பாட்டை எடுக்க, மகள் வள்ளியாகப் பதில் பாடினாள். ஒரு வரிகூட அவர் மறக்கவில்லை.