மல் தீவு: எங்கே தங்குவது, எதை எங்கே பார்ப்பது?

தென்றல்வழி:
ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டியுள்ள மல் தீவுக்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். கடற்கழுகு, பஃபின் பறவைகள், அருகிலுள்ள ஸ்டாஃபா தீவின் பாறைத் தூண்கள் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். வரைபடத்தில் தீவு சிறியதாகத் தெரிவதால், வண்ண வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும் டோபர்மோரியிலேயே தங்கி, நாள்தோறும் காரில் சுற்றிவரலாமா? சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரையோரன்:
வரைபடத்தை நம்பாதீர்கள். பரப்பளவு சுமார் 875 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும், கடல் பல இடங்களில் நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்திருப்பதால், எதிரே கண்ணுக்குத் தெரியும் கரைக்குக்கூட நெடுந்தூரம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சாலைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே உடையவை. எதிரில் வண்டி வந்தால் ஓரத்தில் அதற்கென விடப்பட்ட இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். (அங்கே காரை நிறுத்திவிட்டுக் கழுகைப் படமெடுப்பவர்கள்மீது உள்ளூர்க்காரர்கள் கோபப்படுவது நியாயமே.) டோபர்மோரி வடகோடியில் இருக்கிறது, அயோனா தீவுக்குப் படகு புறப்படும் ஃபியன்ஃபோர்ட்டோ தென்மேற்கு முனையில். ஒரு வழிக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகும். பாதி நாட்களை வடக்கிலும் மீதியைத் தென்மேற்கிலும் கழிப்பதே நல்லது.

சிறகன்:
வெண்வால் கடற்கழுகு 1918-ஆம் ஆண்டோடு பிரிட்டனில் அற்றுப்போன பறவை. 1975-இல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து அருகிலுள்ள ரம் தீவில் விடத் தொடங்கினார்கள். அவ்வாறு விடப்பட்டவற்றுள் ஓர் இணை முதன்முதலில் வெற்றிகரமாகக் குஞ்சு வளர்த்தது 1985-இல், இதே மல் தீவில்தான். லாக் நா கீல் என்னும் கடற்கழியின் ஓரம் பொறுமையாகக் காத்திருங்கள். பலகைபோல் அகன்ற சிறகும் குட்டையான வெள்ளை வாலும் தெரிந்தால் அது கடற்கழுகு; வால் சற்று நீண்டு, சிறகுகளை லேசாக மேல்நோக்கி வளைத்து மிதந்தால் பொற்கழுகு. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்து கரையைக் கோட்டைவிட வேண்டாம். பாசி படர்ந்த பாறைகளுக்கிடையே நீர்நாய்கள் இரைதேடும். பஃபின்களுக்கு ட்ரெஷ்னிஷ் தீவுக்கூட்டத்தின் லங்கா என்னும் தீவுக்குச் செல்லுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை புல்வெளி விளிம்பிலுள்ள வளைகளில் அவை கூடுகட்டியிருக்கும். அசையாமல் அமர்ந்தால் சில அடி தொலைவிலேயே வந்து நிற்கும்.

கருங்கல்:
ஸ்டாஃபாவைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள். அலை எழும்பினால் படகு தீவில் இறக்கிவிடாது. முதல் நாளே பதிவு செய்துகொண்டால், தவறினாலும் மறுநாள் முயலலாம். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக்குழம்பு ஆறிச் சுருங்கும்போது விரிசல் விட்டதால் உருவானவையே அந்தத் தூண்கள். பெரும்பாலானவை அறுகோண வடிவம் கொண்டவை. இங்குள்ள ஃபிங்கல் குகையை 1829-இல் பார்க்க வந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சன், அந்தப் பயணத்தின் தூண்டுதலால் புகழ்பெற்ற இசைக்கோவை ஒன்றை இயற்றினார். மலையேறும் பழக்கம் இருந்தால் 966 மீட்டர் உயரமுள்ள பென் மோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேகம் இறங்கிய நாளில் மட்டும் வேண்டாம்.

தென்றல்வழி:
மிக்க நன்றி. தங்குமிடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். அயோனாவுக்குக் காரைக் கொண்டுபோகலாமா?

கரையோரன்:
வெளியாட்களின் கார்களுக்கு அங்கே அனுமதியில்லை; ஃபியன்ஃபோர்ட்டில் நிறுத்திவிட்டுப் படகேறுங்கள், பத்து நிமிடப் பயணம்தான். புனித கொலும்பா 563-இல் நிறுவிய மடம் இருந்த இடத்துக்குத் துறையிலிருந்து நடந்தே போய்விடலாம்.