சப்வூஃபர் வயரிங்: ஓம் கணக்கு தப்பிய வண்டிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கத்தில் வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டும் நான்கு ஊர்க்காரர்களின் குறிப்புகள் இவை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் ஆம்ப்ளிஃபையர்) சூடாகி நின்றுவிடுகிறது என்று வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது, சப்வூஃபர் என்னும் பேஸ் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்பதை. ஓம் குறைந்தால் ஆம்ப் அதிகக் கரண்ட் தள்ள வேண்டியிருக்கும். அண்மையில் பார்த்த சிட்டி கோல்ஃப் காரில் 4 ஓம் இரட்டைக் காயில் சப்வூஃபர் இரண்டு. நான்கு காயிலையும் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்து, இரண்டு சேனல் ஆம்பில் பிரிட்ஜ் பண்ணியிருந்தார்கள், அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாக்கியிருந்தார்கள். நான்கு 4 ஓம் பேரலல் என்றால் 1 ஓம். அந்த ஆம்ப் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் சுமை பாதியாகத்தான் தெரியும், அதாவது இங்கே அரை ஓம். எப்படித் தாங்கும்?

சரிசெய்யப் புது ஆம்ப் வேண்டியதில்லை. ஒவ்வொரு சப்பிலும் முதல் காயிலின் மைனஸிலிருந்து இரண்டாம் காயிலின் பிளஸ்ஸுக்கு ஒரு ஜம்பர் போட்டால் சப் 8 ஓம். அந்த இரண்டையும் பேரலலாக்கினால் 4 ஓம். அதே ஆம்ப் இப்போது கை வைத்துப் பார்க்கும் சூட்டில் ஓடுகிறது.

ஃபீனிக்ஸிலிருந்து

சாட்ஸ்வொர்த் அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஆம்பில் செருகும் முன் ஸ்பீக்கர் வயர் முனையில் மல்டிமீட்டர் வைக்காமல் விடாதீர்கள். மீட்டர் காட்டுவது டிசி தடை, ஆகவே எழுதியிருக்கும் ஓமைவிடக் குறைவாகவே வரும். 4 ஓம் காயில் 3.2 முதல் 3.7 வரை காட்டும். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். 1 ஓம் வயரிங்கில் அந்தச் சிறு எண்ணே ஆளை ஏமாற்றிவிடும்.

நான்கு காயிலும் பேரலல் என்றால் 0.85 அருகே வர வேண்டும். 1.7 வந்தால் ஒரு சப் இணையவே இல்லை. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் எங்கோ செம்பு இழை பக்கத்து டெர்மினலைத் தொடுகிறது.

மீட்டர் காட்டாத தப்பு ஒன்று உண்டு. ஒரே சப்பில் ஒரு காயிலை மட்டும் தலைகீழாகப் போட்டால் ஓம் சரியாகவே காட்டும், கோன் (ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கூம்பு) மட்டும் அசையாது, காயில் வெந்துபோகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் வயர் முனையில், பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக, ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு சப்பும் ஒரே திசையில் வெளியே தள்ள வேண்டும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து

மோனோ (ஒரே சேனல்) ஆம்பில் ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி டெர்மினல் இருப்பதைப் பார்த்து இரண்டு சேனல் என்று நினைக்கிறார்கள். உள்ளே இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் ஒரு 2 ஓம் சப்பை மாட்டினால் ஆம்ப் பார்ப்பது 1 ஓம். இந்தக் கோளாறோடு வரும் டாக்ஸிகள் நிறைய.

1 ஓம் தாங்கும் ஆம்ப் என்றாலும், தினம் ஓடும் வண்டிக்கு என் பரிந்துரை 2 ஓம்தான். வாட் குறையும், ஆனால் வெப்பமும் கரண்ட் இழுப்பும் குறையும். 2 ஓம் இரட்டைக் காயில் சப் இரண்டு இருந்தால் காயில்களை சீரீஸாக்கி (ஒன்றின் மைனஸ் மற்றதன் பிளஸ்ஸுக்கு), சப்களைப் பேரலலாக்குங்கள். 2 ஓம் கிடைக்கும்.

கரண்ட் கணக்கு: கிளாஸ் டி வகை ஆம்ப் 1000 வாட் கொடுக்க, 80 சதவீதத் திறனில் 1250 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் போதும். செம்பு பூசிய அலுமினியம் என்றால் அதைவிடத் தடிமன் வேண்டும். 100 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள். அந்த ஃப்யூஸ் காப்பது கேபிளை, ஆம்பை அல்ல.

டோங்காட்டிலிருந்து

கடற்காற்று அடிக்கும் இடத்தில் எர்த்தை (ஆம்பின் மைனஸ் வயர் வண்டியின் இரும்பில் சேரும் இடம்) நம்பாதீர்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் நட்டும் ஸ்டார் வாஷரும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பாட்டு ஓடும்போது ஆம்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்தால் அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். கூடினால் அந்த நட்டைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும்.

ஆம்பின் கெயினை (உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) காதால் வைக்க வேண்டாம், தம்பிகளா. சப்பைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்டை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் டோனை ரேடியோவின் முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, ஆம்ப் வெளியீட்டில் ஏசி வோல்ட் அளக்கவும். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட்: 500 வாட், 2 ஓமுக்கு 31.6. அதைத் தொட்டதும் கெயினை நிறுத்தி, ஆம்பை அணைத்துவிட்டு சப்பை மாட்டுங்கள்.