கிட்டாரில் பெண்ட் செய்தால் ஜி தந்தி இறங்கிவிடுகிறதா? என் அனுபவம்

பல மாதங்கள், தந்தியை முறுக்கும் ட்யூனிங் கீயைத்தான் சந்தேகப்பட்டேன். வாசிக்கத் தொடங்கும் முன் ஆறு தந்திகளும் ட்யூனரில் பச்சை காட்டும். முதல் சோலோவில் ஜி தந்தியை பெண்ட் செய்து, அதாவது விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி, விட்டால் போதும், அடுத்து வரும் ஈ மேஜர் கார்டில் அது மட்டும் சுருதி இறங்கி நிற்கும். பாட்டின் நடுவே திருகிச் சரிசெய்வேன். அடுத்த பெண்டில் மறுபடியும் அதே கதை. கீ தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி முழு செட்டையும் மாற்றினேன். ஒரு பலனும் இல்லை.

ஒரு நாள் இரவு ஆம்ப்பை அணைத்துவிட்டு, காதை நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படிந்து போகும் பள்ளங்கள் உள்ள சிறு பட்டை) பக்கத்தில் வைத்து ஜி கீயை மெதுவாகத் திருகினேன். ட்யூனர் முள் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். 'டிங்' என்று சன்னமாக ஒரு சத்தம். முள் ஒரே தாவாகத் தாவியது. தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டிருந்தது!

பெண்ட் செய்யும்போது கீ பக்கம் இருக்கும் தந்தி இம்மியளவு இந்தப் பக்கம் வருகிறது. விரலைத் தளர்த்தியதும் அது திரும்பிப் போக வேண்டும். பள்ளம் பிடித்துக்கொண்டால் போகாது, சுருதி இறங்கியே நிற்கும். ட்ரெமலோ கம்பியை (எல்லாத் தந்திகளையும் ஒன்றாகத் தளர்த்தும் கைப்பிடி) அமுக்கினால் நேர்மாறு: தளர்ந்த தந்தி கீ பக்கம் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும், சுருதி ஏறி நிற்கும். கீ நழுவினால் சுருதி இறங்க மட்டுமே செய்யும், ஒருநாளும் ஏறாது. இந்த ஒன்றை முதலிலேயே கவனித்திருந்தால் கீ செட்டை மாற்றியிருக்க வேண்டாம்.

காரணமும் அப்புறம் பிடிபட்டது. 9 செட்டிலிருந்து தடித்த 11 செட் தந்திகளுக்கு மாறியிருந்தேன். அதில் ஜி தந்தியின் தடிமன் 0.016 அங்குலத்திலிருந்து 0.018 ஆகிவிடுகிறது. பள்ளம் பழைய தந்திக்கு வெட்டியது. போதாததற்கு என் கிட்டாரின் தலையில் பக்கத்துக்கு மூன்று கீ. நட்டைத் தாண்டியதும் டி, ஜி இரண்டும்தான் அதிகமாக வெளிப்பக்கம் வளைந்து போகின்றன. மென்மையான பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்ததில் பாதி சரியானது. மீதிக்கு, கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பள்ளத்தை அகலப்படுத்தினேன். இதை அவசரப்பட்டு நீங்களே அரம் போட்டு ராவ வேண்டாம். பள்ளம் ஆழமாகிவிட்டால் திறந்த தந்தி முதல் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உரசும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

—

அண்ணா, நீங்கள் சொன்ன 'டிங்' சத்தம் என் கிட்டாரிலும் கேட்கிறது, இன்றே பென்சில் எடுக்கிறேன். எனக்கு நடந்தது வேறு மாதிரி. மேடையில் இரண்டாவது பாட்டில் மேல் ஈ தந்தி அறுந்தது. மீதி ஐந்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று அடுத்த கார்டை அடித்தால், ஐந்துமே சுருதி ஏறிக் கிடக்கின்றன. என் பிரிட்ஜ், அதாவது உடலில் தந்திகள் மாட்டியிருக்கும் பகுதி, மிதக்கும் வகை. முன்பக்கம் தந்திகளும் பின்பக்கம் ஸ்பிரிங்குகளும் ஒன்றையொன்று இழுத்துத்தான் அது நிற்கிறது. ஒரு தந்தி போனதும் ஸ்பிரிங் ஜெயித்துவிட்டது. ஒரு தந்தியை பெண்ட் செய்தால் மற்றவை லேசாக இறங்குவதும் இதனால்தான் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங் திருகுகளை இறுக்கி, பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிட்டேன். ட்ரெமலோ கம்பியை மேலே இழுத்துச் சுருதி ஏற்ற இனி முடியாது. நிம்மதியாக வாசிக்க முடிகிறது. புதுத் தந்தி போட்டதும் சுருதி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

—

தம்பி, 12வது பிரெட் பக்கம் தந்தியைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள். இழுத்த பிறகும் சுருதி இறங்காமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஐந்தாறு தடவை ஆகும். சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே வாருங்கள். சுருதி தாண்டிப் போய்விட்டால் அப்படியே இறக்கி நிறுத்தாமல், நன்றாகத் தளர்த்திவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். மேடையில் பெண்ட் செய்து ஜி இறங்கிவிட்டால், நட்டுக்கும் கீக்கும் நடுவில் அந்தத் தந்தியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சிக்கிய தந்தி பெரும்பாலும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும், கீயைத் தொடவே வேண்டாம்.